காலில் இரண்டாவது புண் எதற்கு?

“அடிபட்டது முன்னங்காலில்தானே, டாக்டர்? பின்பக்கம் ஏன் இவ்வளவு பெரிய புண்?” ஃபிளாப் அறுவை சிகிச்சைக்குப் பின் முதல் முறை கட்டுப் பிரிக்கும்போது குடும்பத்தினர் எங்களிடம் கேட்பது இதுதான். நியாயமான கேள்வி.

திருச்சி–சென்னை நெடுஞ்சாலை பெரம்பலூர் வழியே செல்கிறது. அரியலூர்ச் சாலைகளில் சுண்ணாம்புக்கல்லும் சிமெண்டும் ஏற்றிய லாரிகள் ஓடுகின்றன. இத்தகைய சாலைகளில் நேரும் இருசக்கர வாகன விபத்துகளில் கீழ்க்காலே எளிதில் நசுங்குகிறது. அதன் முன்புறத்தில் எலும்பை மூடியிருப்பது பெரும்பாலும் தோல் மட்டுமே. அது கிழிந்து எலும்பு வெளிப்பட்டால், மெல்லிய தோலை மட்டும் ஒட்டினால் பிடிக்காது. எனவே இரத்த ஓட்டம் அறாத தோலையோ தசையையோ அருகிலிருந்து திருப்பி மூடுகிறோம். தோலை அதன் அடியிலுள்ள உறைச்சவ்வுடன் சேர்த்து எடுத்தால் கீழ்க்காலிலும் நீண்ட ஃபிளாப் உயிர்பிழைக்கும் என்பதை 1981இல் சுவீடன் மருத்துவர் பொன்டேன் எடுத்துக்காட்டினார்.

ஃபிளாப் எடுத்த இடமே இரண்டாவது புண். அது தவறால் நேர்ந்ததன்று, திட்டமிட்டு உண்டாக்கப்பட்டது. தசையை மட்டும் எடுத்திருந்தால், அல்லது புண் குறுகலாக இருந்தால், ஓரங்களை இணைத்துத் தைத்துவிடுவோம். அகலமாக இருந்தால் இழுத்துத் தைப்பதில்லை. அந்த இறுக்கம் இரத்தக் குழாய்களை அழுத்தும். தைத்த ஓரமும் கருகலாம், ஃபிளாப்பும் கெடலாம். ஆகவே தொடையிலிருந்து மிக மெல்லிய தோலைச் சீவி எடுத்து அங்கே ஒட்டுகிறோம்.

ஒட்டிய தோல் முதல் இரு நாட்கள் அடியில் ஊறும் நீரால் உயிர்வாழும். ஏறத்தாழ ஐந்து நாட்களில் அதனுள் இரத்தக் குழாய்கள் இணையும். இதற்குள் கால் அசைந்தாலோ அடியில் இரத்தம் தேங்கினாலோ ஒட்டு நழுவிவிடும். நாங்கள் சொல்லும் வரை கட்டைத் தொடாதீர்கள். காலைத் தலையணைமேல் உயர்த்தி வையுங்கள். ஆனால் ஃபிளாப்பின்மேல் எதுவும் அழுந்தக் கூடாது. தொடைப் புண்ணே அதிகம் எரியும். மயிர்க்கால்களில் எஞ்சிய தோல் செல்கள் வளர்ந்து, பொதுவாக இரண்டு வாரங்களில் அது தானே ஆறும்.

பீடி, சிகரெட் அறவே கூடாது. புகையிலை இரத்தக் குழாய்களைச் சுருக்கும். சர்க்கரை நோயைக் கட்டுக்குள் வையுங்கள். முட்டை, பருப்பு, மீன் போன்ற புரத உணவு தேவை.

வீடு திரும்பிய பின், புண் முழுதும் ஆறும் வரை வயல் சேறும் குவாரித் தூசியும் படாமல் காக்க வேண்டும். ஆறிய பின் தேங்காய் எண்ணெய் தடவி, வெயில் படாமல் மூடுங்கள். அவ்விடத்தில் உணர்ச்சி குறைவாக இருக்கும். வெந்நீர் ஒத்தடம் கொடுத்தால் சுடுவது தெரியாமலே தோல் வெந்துவிடும்.

ஃபிளாப் நீலமாகவோ கருமையாகவோ மாறினால், துர்நாற்றம், காய்ச்சல், கூடிவரும் வலி இவற்றுள் ஒன்று தோன்றினால், மறு பரிசோதனை நாளுக்குக் காத்திராமல் அன்றே வாருங்கள். முதல் புண்ணுக்குக் காட்டும் அக்கறையை இரண்டாவது புண்ணுக்கும் காட்டினால்தான் கால் முழுமையாகத் தேறும்.