நீரிழிவு நோயாளரின் மனநிலையும் இரத்த அழுத்தமும்

நீரிழிவு என்றவுடன் சர்க்கரையின் அளவு ஒன்றே பலருக்கும் நினைவுக்கு வருகிறது. ஆயினும் இந்நோயாளரின் மூளை, இதயம், சிறுநீரகம், கண் ஆகியவற்றுக்கு ஊறு விளைவிப்பதில் இரத்த அழுத்தத்திற்கும் பெரும் பங்கு உண்டு. 1998-ஆம் ஆண்டில் பிரிட்டனில் வெளியான ஆராய்ச்சியொன்றில், இவ்விரு நோய்களும் உடைய 1,148 பேர் ஆராயப்பெற்றனர். அழுத்தம் கண்டிப்பாகக் கட்டுப்படுத்தப்பெற்ற குழுவினரிடையே பக்கவாதம் 44 சதவீதமும், நீரிழிவு சார்ந்த மரணம் 32 சதவீதமும் குறைவாக இருந்தன.

உயர் இரத்த அழுத்தம் பெரும்பாலும் வலி தருவதில்லை. மாத்திரையைத் தவறவிட்டவருக்கு அன்றே துன்பம் ஏதும் தோன்றுவதுமில்லை. ஆகவே, உடல் நினைவூட்டாததை உள்ளத்தின் ஊக்கமே நினைவூட்ட வேண்டியுள்ளது. மனம் சோர்ந்தவரிடத்தில் அவ்வூக்கம் குன்றுகிறது. மருந்து தவறுகிறது, நடைப்பயிற்சி நின்றுவிடுகிறது, உறக்கம் கெடுகிறது, புகையிலைப் பழக்கம் மிகுகிறது. மேலும், கவலை நீடிக்கும்போது அட்ரினலின், கார்ட்டிசால் முதலிய ஹார்மோன்கள் மிகுதியாகச் சுரந்து, அழுத்தத்தையும் சர்க்கரையையும் உயர்த்தக்கூடும்.

இத்தகையோருக்குத் துணை நிற்பதன் பயனை, 2020-ஆம் ஆண்டில் வெளியான இந்திய ஆய்வு ஒன்று புலப்படுத்துகிறது. நான்கு சிகிச்சை நிலையங்களில், நீரிழிவும் மனச்சோர்வும் உடைய 404 பேர் இதில் பங்கு பெற்றனர். ஒரு பிரிவினருக்கு வழக்கமான சிகிச்சையும், மற்றப் பிரிவினருக்கு மருத்துவரல்லாத பணியாளரின் தொடர்ந்த துணையும், வல்லுநரின் மேற்பார்வையும் அளிக்கப்பெற்றன. மனச்சோர்வு பாதியளவேனும் குறைந்து, அத்துடன் சர்க்கரை, இரத்த அழுத்தம், கொழுப்பு ஆகியவற்றுள் ஒன்றேனும் குறித்த அளவு இறங்குவதே வெற்றியெனக் கொள்ளப்பட்டது. இரண்டு ஆண்டுகளின் இறுதியில், துணை பெற்றோருள் 71.6 சதவீதத்தினரும், ஏனையோருள் 57.4 சதவீதத்தினரும் இந்நிலையை எய்தினர்.

துணை என்பது கண்காணிப்பு அன்று. “இனிப்பைத் தொடாதே” என்று நாள்தோறும் கடிந்துரைத்தால், நோயாளர் மறைவாக உண்ணவே முற்படுவார். ஒருவருக்கு மட்டும் தனியே உப்பைக் குறைத்துச் சமைப்பதினும், வீட்டார் அனைவரும் குறைத்து உண்பது மேல். மாலையில் உடன் நடப்பதும், மருத்துவமனைக்கு உடன் செல்வதும் அறிவுரையினும் சிறந்த உதவிகளாம்.

களப்பணியாளர் அழுத்தத்தை அளக்குமுன் நோயாளரை ஐந்து நிமிடம் அமைதியாக அமரச் செய்தல் வேண்டும். அளக்கும்போது பேசினால் அளவு உயர்ந்து காட்டும். ஆதலின் நலவிசாரிப்பை அளந்து முடித்தபின் வைத்துக்கொள்ளுதல் நன்று. அப்போது இரு வினாக்களைக் கேட்கலாம்: கடந்த இரண்டு வாரங்களில் மனம் அடிக்கடி சோர்வுற்றதா? வழக்கமான செயல்களில் நாட்டம் குறைந்ததா? ‘ஆம்’ என்பாரை மருத்துவ அலுவலரிடம் அனுப்புதல் வேண்டும். 2022-இல் தொடங்கப்பெற்ற டெலி மானஸ் மனநல உதவிச் சேவையை 14416 என்ற எண்ணில் அழைக்கலாம். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வெளிப்படின், அவரைத் தனியே விடாது உடனே உதவி தேடல் வேண்டும்.

பெற்றோரை அடிக்கடி சந்திக்கும் ஆசிரியர்கள் இச்செய்திகளை இல்லங்களுக்கு எட்டச் செய்யலாம். அன்பான துணை மருந்துக்கு மாற்று ஆகாது. எனினும், மருந்து நாள் தவறாது உட்கொள்ளப்படுவதற்கு அதுவே பலருக்கு உறுதுணையாகும்.