மூன்று இனங்களின் வாரிசு



குளிர்காலத்தை மத்திய அமெரிக்காவில் கழிக்கும் வார்ப்ளர் பறவைகள், மே மாதம் வடக்கே பென்சில்வேனியா காடுகளுக்குத் திரும்பிவிடும். சுமார் 10 கிராம் எடையுள்ள சின்னஞ்சிறு பாட்டுப் பறவைகள் இவை.

2018 மே மாதம், அங்கே ஓர் ஆண் வார்ப்ளர், பறவை ஆர்வலர் ஒருவரைத் திகைக்க வைத்தது. தோற்றத்தில் அது பொன்சிறகு, நீலச்சிறகு வார்ப்ளர்களின் கலப்பினம். ஆனால் மார்பில் செம்பழுப்புத் திட்டுகள். பாடியதோ மூன்றாவது இனமான செம்பழுப்பு விலா வார்ப்ளரின் பாட்டு!

அவர் படங்களுடன் கார்னெல் பறவையியல் ஆய்வகத்துக்குத் தகவல் அனுப்பினார். ஆய்வாளர்கள் பறவையைப் பிடித்து, சிறிதளவு ரத்தம் எடுத்துக்கொண்டு பறக்கவிட்டார்கள். மரபணுச் சோதனையில் உண்மை தெரிந்தது. தாய், பொன்சிறகும் நீலச்சிறகும் கலந்த பறவை. தந்தை, செம்பழுப்பு விலா வார்ப்ளர். ஒரே உடலில் மூன்று இனங்கள்!

அப்பகுதியில் பொன்சிறகு வார்ப்ளர்கள் வெகுவாகக் குறைந்துவிட்டன. சொந்த இனத்தில் இணை கிடைக்காதபோது இப்படிப்பட்ட கலப்பு நேரக்கூடும் என்கிறார்கள் ஆய்வாளர்கள்.

புதிய பறவையைக் கண்டால் நிறத்தோடு நிறுத்திவிடாதீர்கள். அதன் பாட்டையும் கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். நீங்கள் தரும் தகவல் அறிவியலுக்குப் பெரிதும் உதவும்.