போகி நெருப்பில் போடாதீங்க! பழைய புடவை போர்வையாகும்
கடையில் வாங்க ஒன்றும் இல்லை: அட்டை, சோப்புத் துண்டு, ஊசி-நூல் போதும்

மந்தைவெளி,-

மார்கழி கடைசி நாள். விடியற்காலை 4 மணி. மந்தைவெளியில் சந்துக்குச் சந்து நெருப்பு. பொடிப்பையன்கள் போகி மேளத்தைப் போட்டு அடிக்கிறார்கள். கிழிந்த பாய் போகிறது. உடைந்த முறம் போகிறது. அதோடு அம்மாவின் பழைய புடவையும் போகிறது.

"வெச்சிருந்து என்ன சார் பண்றது? பீரோவுல இடமே இல்லே!" எந்த வீட்டில் கேட்டாலும் இதே பதில்தான்.

இடம் இல்லை என்பது வாஸ்தவம். ஆனால் நெருப்பில் போட்டால் ஐந்து நிமிஷத்தில் சாம்பல். துண்டு போட்டுத் தைத்தால் பல வருஷம் விரித்துப் படுக்கலாம்.

விமானமே இறங்கவில்லை

2018-ம் ஆண்டு போகி யாருக்காவது ஞாபகம் இருக்கிறதா? ஜனவரி 13-ந்தேதி. புகையும் பனியும் சேர்ந்து சென்னையை மூடிக்கொண்டது. மீனம்பாக்கத்தில் விமானங்கள் இறங்க முடியாமல் வேறு ஊர்களுக்குத் திருப்பி விடப்பட்டன. விமானத்துக்கே அந்தக் கதி என்றால், மாடி வீட்டில் இழுப்போடு படுத்திருக்கும் தாத்தாவின் கதி என்ன?

அந்தக் காலத்தில் எரித்தது பருத்தியும் கோரையும். இப்போது பாதிக்கு மேல் நைலான், பாலியெஸ்டர் கலப்பு. இது எரிவதைவிட உருகுவது அதிகம். புகை கன்னங்கரேல் என்று வரும். உருகிய துளி கையில் பட்டால் தோலோடு ஒட்டிக்கொள்ளும். மறுநாள் பொங்கலன்று அந்தக் கரியைச் சுரண்டி அள்ளுபவர் துப்புரவுத் தொழிலாளி. அதை யார் நினைக்கிறார்கள்?

எரிக்காமல் எங்களிடம் கொடுங்கள் என்று மாநகராட்சி 2023 போகிக்கு முன்பு பழைய துணி, டயர்களைத் தனியாக வாங்கியது. நல்ல காரியம். ஆனால் நல்ல பருத்திப் புடவையை அதற்கும் கொடுக்க வேண்டாம் என்பது இந்த நிருபரின் கட்சி.

கருவி எல்லாம் வீட்டிலேயே

ஒட்டுத்துணிப் போர்வைக்கு மூன்று அடுக்கு. மேலே துண்டுகளைச் சேர்த்துத் தைத்த துணி. நடுவில் பழைய வேட்டி அல்லது துண்டு. அடியில் பழைய பெட்ஷீட். வெளிநாட்டில் நடுவே பஞ்சு வைப்பார்கள். நம்ம ஊர் வெயிலுக்கு அது தாங்குமா? வேட்டியே போதும்.

அளவுக்கு ஒரு அட்டை வேண்டும். போன வருஷத்துக் கல்யாணப் பத்திரிகையை நாலரை அங்குலச் சதுரமாக வெட்டிக்கொள்ளுங்கள். கோடு போட, கரைந்து மிஞ்சிய சோப்புச் சில்லு. துவைத்தால் கோடு போய்விடும். நூல் சிக்குப் போடாமல் இருக்க, மெழுகுவர்த்தியில் ஒரு இழு இழுத்து எடுங்கள். விரலில் ஊசி ஏறாமல் இருக்க, அறுந்த பர்ஸின் தோலை வெட்டிச் சுற்றிக்கொள்ளலாம். மூன்று அடுக்கும் நகராமல் இருக்கத் தரையில் விரித்து நாலு மூலைக்கும் கனம் வைக்க வேண்டும். அம்மிக் குழவி சும்மாதானே கிடக்கிறது? அப்புறம் நடுவிலிருந்து ஓரம் வரை ஊக்குகளைக் குத்திவிட்டு, ஓட்டுத்தையல் போட்டுக்கொண்டே போகலாம்.

ஒன்று முக்கியம். வெட்டுவதற்கு முன்பே எல்லாத் துணியையும் துவைத்துக் காய வைத்துவிடுங்கள். சாயம் போகிற துணி ஒன்று இருந்தால் மொத்தப் போர்வையும் சிவப்பு!

முதலில் கரித்துணி

எடுத்த எடுப்பில் கட்டில் அளவுக்குப் போர்வை ஆரம்பித்தால் சித்திரையில் அது பரணில்தான் கிடக்கும். முதலில் அடுப்படிக்கு ஒரு கரித்துணி தையுங்கள். நாலே துண்டு, நடுவில் பழைய டர்க்கி டவல் இரண்டு மடிப்பு. ஒரு சாயங்காலத்தில் முடிந்துவிடும். சூடான பாத்திரம் பிடிப்பதால் இதற்குப் பருத்தி மட்டும்தான். நைலான் கூடவே கூடாது.

கை பழகியதும் குழந்தைக்கு விரிப்பு. வரிசைக்கு 9 துண்டு, 9 வரிசை, ஆக 81. ஓரத்துக்குக் கால் அங்குலம் தையலில் போக, ஒவ்வொரு துண்டும் 4 அங்குலம் நிற்கும். விரிப்பு 36 அங்குலச் சதுரம். ஒரு புடவையில் கிழிசலைத் தள்ளினாலும் 300 துண்டு தேறும். கலர் பத்தாவிட்டால் ஆர்.கே.மடம் சாலைப் பக்கம் தையல் கடையில் வெட்டுத்துணி கேட்டுப் பாருங்கள்.

நியூயார்க் வரை போனது

இது ஏழை வேலை என்று முகம் சுளிப்பவர்களுக்கு ஒரு தகவல். அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தில் கீஸ் பெண்ட் என்று ஒரு ஆற்றங்கரைக் கிராமம். அடிமைகளாக இருந்தவர்களின் வம்சம். வயல் வேலைக்குப் போட்டுக் கிழிந்த சட்டை, பேண்ட்டை வெட்டி அந்தப் பெண்கள் தைத்த போர்வைகள் 2002-ல் நியூயார்க் விட்னி மியூசியத்தில் சுவரில் தொங்கின. 2006-ல் தபால் தலையாகவும் வந்துவிட்டன.

அவ்வளவு தூரம் போவானேன்? வங்காளத்தில் கந்தா, பழைய புடவைகளை அடுக்கி, புடவைக் கரையிலிருந்தே நூலை உருவித் தைப்பார்கள். மயிலாப்பூரில் பங்குனித் தேரில் தொங்குகிறதே தொம்பை, அதுவும் கலர் கலராகத் துணி வெட்டி ஒட்டித் தைத்ததுதான்.

போகிக்கு பீரோவைத் திறந்ததும் துணியை இரண்டு குவியலாகப் பிரியுங்கள். பருத்தி ஒரு பக்கம், மற்றதெல்லாம் மாநகராட்சிக்கு. தைத்து முடித்ததும் ஊசியையும் ஊக்கையும் எண்ணி டப்பாவில் போட்டுவிட்டு, அப்புறம் குழந்தையைப் படுக்கப் போடுங்கள்.