துணி விமானத்தின் பழைய பெயின்ட்

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் லாக் ஹேவன் என்ற ஊரில் 1938 முதல் 1947 வரை ஏறத்தாழ 20,000 பைப்பர் ஜே-3 கப் விமானங்கள் தயாராயின. எஃகுக் குழாய்ச் சட்டம், அதன்மேல் இழுத்துப் போர்த்திய பருத்தித் துணி, பளிச்சென்ற மஞ்சள் பூச்சு. அந்தப் பூச்சு வெடித்து உரியத் தொடங்கினால், சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாக அடிக்கலாம் என்றுதான் யாருக்கும் முதலில் தோன்றும். பெரும்பாலும் அது வீண் வேலை. துணியையே கழற்றிவிட்டுப் புதிதாகப் போர்த்துவதுதான் முறை.

காரணம், இங்கே பெயின்ட் வேறு, துணி வேறு அல்ல. செல்லுலோஸ் சேர்மத்தைக் கரைப்பானில் கரைத்த 'டோப்' என்ற திரவம் இழைகளுக்குள் ஊறி, உலரும்போது சுருங்கித் துணியை விறைப்பாக்குகிறது. அதன்மேல் புற ஊதாக் கதிரைத் தடுக்க அலுமினியப் பொடி கலந்த வெள்ளிப் பூச்சு. நிறம் அதற்கும் மேலே. நிறத்தை எடுக்க ரிமூவர் தடவினால் அடியிலுள்ள டோப்பும் சேர்ந்து கரையும். கரைந்த குழம்பு நெசவுக்குள் இறங்கிவிடும். உப்புத்தாள் போட்டால், இறக்கை விலாக்களின் மேல் துணி மேடிட்டிருக்கும் இடத்தில்தான் முதலில் தேயும். துணியை விலாவோடு பிணைக்கும் தையல் முடிச்சுகளும் அங்கேதான் இருக்கின்றன.

இப்போது பல விமானங்களில் பாலியெஸ்டர் துணிதானே, அதற்கு இது பொருந்துமா என்று கேட்கலாம். சில பாலியெஸ்டர் முறைகளில் மெத்தில் எத்தில் கீட்டோன் பூச்சை இளக்கும், துணியைக் கெடுக்காது. கிழிசலைச் சுற்றிச் சில அங்குலம் வழித்து ஒட்டுப் போட அது அருமையான வழி. ஆனால் மேலே பாலியூரித்தேன் அடித்திருந்தால் அந்தக் கரைப்பானுக்கு எளிதில் மசியாது. முழு இறக்கைக்கும் இதைச் செய்வதென்றால் தீப்பற்றக்கூடிய ஆவிக்கு நடுவே நாள்கணக்கில் நிற்க வேண்டும். சரி, பழையதன் மேலேயே அடித்துவிட்டால்? எடை கூடும். அதிலும் வால் சுக்கான்களில் கீலுக்குப் பின்னால் எடை ஏறினால், வேகமெடுக்கும்போது அவை கட்டுக்கடங்காமல் படபடத்து முறியக்கூடும்.

செலவைச் சொல்லித் தயங்குபவர்கள் முதலில் துணியின் வலுவைச் சோதிக்க வேண்டும். புதிய 'ஏ' தரப் பருத்தி ஓர் அங்குல அகலத்துக்கு 80 பவுண்டு இழுவையைத் தாங்கும். கப் போன்ற இலகு விமானத்தில் அது 46-க்குக் கீழே போனால் பறக்கவே தகாது. அந்த எல்லையை நெருங்கிய துணியைச் சுரண்டிச் செப்பனிடுவது உழைப்பைக் குப்பையில் கொட்டுவதுதான். தவிர, துணியைக் கழற்றினால்தான் வால்பக்கத்து அடிக்குழாய்களில் ஈரம் தங்கிப் பிடித்த துருவும், பழைய இறக்கைகளின் மரச் சட்டத்தில் ஓடிய விரிசலும் கண்ணில் படும்.