33-லிருந்து 29-க்கு: ஒரு லாரியின் ராத்திரி

இரவு எட்டரை மணி. ஈரோட்டில் ஒரு லாரி புக்கிங் ஆபீஸ். வெளியே லோடுமேன்கள் சென்னிமலைப் பெட்ஷீட் பண்டல்களைத் தோளில் தூக்கி அடுக்கிக்கொண்டிருக்கிறார்கள். உள்ளே, கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கும் அக்காவின் பின்னால் நான் நிற்கிறேன். உற்சாகம் தாங்கவில்லை! ஏனென்றால் இந்திய அரசியல் சாசனத்தின் 301-வது பிரிவு இதோ என் கண்ணெதிரே வேலை செய்யப்போகிறது.

சட்டப் புத்தகத்தில் அது ஒரே ஒரு வாக்கியம். நாடு முழுக்க வணிகமும் போக்குவரத்தும் தடையில்லாமல் நடக்க வேண்டும், அவ்வளவுதான் சாரம். அந்த வாக்கியம் தரையில் எப்படி இருக்கும் என்று பார்க்கத்தான் இந்த லாரியில் பெங்களூரு வரை போக அனுமதி கேட்டு வாங்கியிருக்கிறேன்.

"கிட்ட வந்து பாருங்க," என்று அக்கா திரையைத் திருப்புகிறார். இ-வே பில். சரக்கின் மதிப்பு 50,000 ரூபாயைத் தாண்டினால் இது இல்லாமல் லாரி நகரக் கூடாது. பார்ட் ஏ, பார்ட் பி என்று இரண்டு பகுதிகள். பார்ட் ஏ-வில் அனுப்புபவர், வாங்குபவர், பில் எண், தொகை, சரக்கு என்ன என்ற விவரம். பெட்ஷீட்டுக்கு 6302 என்று ஓர் எண். அனுப்புபவரின் ஜிஎஸ்டி எண் 33-ல் தொடங்குகிறது, வாங்குபவருடையது 29-ல். "33 நம்ம தமிழ்நாடுங்க, 29 கர்நாடகா. கேரளான்னா 32, பாண்டிச்சேரின்னா 34." பதினைந்து இலக்க எண்ணின் முதல் இரண்டு இலக்கத்துக்குள் ஒரு மாநிலமே குந்தியிருக்கிறது!

இரண்டு எண்களும் வேறு வேறு என்பதால் பில்லில் வரியின் பெயரே மாறிவிடுகிறது. 2,00,000 ரூபாய் சரக்கு, வரி 5 சதவீதம். இதே சரக்கு சேலத்துக்குப் போயிருந்தால் மத்திய அரசுக்கு 5,000, தமிழ்நாட்டுக்கு 5,000 என்று இரண்டு வரி. பெங்களூருக்குப் போவதால் ஐஜிஎஸ்டி என்று ஒரே வரியில் 10,000. மாநிலத்தின் பங்கு, நெய்த ஊருக்கு அல்ல, கடைசியில் அந்தப் பெட்ஷீட்டை வாங்கி விரித்துப் படுப்பவரின் மாநிலத்துக்குப் போய்ச் சேரும்.

இப்போது பார்ட் பி. அக்கா வெளியே எட்டிப் பார்த்து லாரியின் நம்பரைக் கேட்டு வாங்கித் தட்டுகிறார். என்டர். 12 இலக்க எண் ஒன்று திரையில் வந்து விழுகிறது, பக்கத்தில் க்யூஆர் கோடு. அந்த நொடியில்தான் இந்தச் சரக்குக்குக் கால் முளைத்தது. 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் கணக்கு. பெங்களூரு சுமார் 250 என்பதால் இரண்டு நாள் அவகாசம். வழியில் வண்டி பழுதாகிச் சரக்கை வேறு லாரிக்கு மாற்றினால் பார்ட் பி-யில் நம்பரை மட்டும் மாற்றினால் போதும். பல கடைகளின் சரக்கு ஒரே வண்டியில் போவதால், எல்லா பில்லையும் சேர்த்து ஒரே தொகுப்புத் தாள். அக்கா அதை மடித்து டிரைவர் அண்ணனிடம் கொடுக்கிறார். அவர் அதைக் கண்ணில் ஒற்றிச் சட்டைப் பையில் வைக்கிறார். எனக்குச் சிலிர்த்தது.

தமிழுக்கு இது புதிய காட்சியே அல்ல. பூம்புகார்த் துறைமுகத்தில் குவிந்த பொதிகளின் மேல் சோழர்களின் புலி முத்திரையைப் பொறித்ததைப் பட்டினப்பாலை சொல்கிறது. சுங்கத்தை நீக்கியதற்காகவே முதலாம் குலோத்துங்கனுக்குச் 'சுங்கம் தவிர்த்த சோழன்' என்று பெயர் வந்தது. வழிமறித்து வாங்கும் வரி எவ்வளவு உறுத்தியிருந்தால், அதை எடுத்தவனை அந்தப் பெயராலேயே கொண்டாடியிருப்பார்கள்!

லாரி கிளம்பிவிட்டது. சங்ககிரி தாண்டி, சேலம் தாண்டி, தொப்பூர் கணவாயில் வண்டி முக்கி முனகி ஏறுகிறது. டோல்கேட்டில் ஃபாஸ்டாக் 'பீப்' என்கிறது. அந்த ஃபாஸ்டாக்கையும் இ-வே பில்லையும் 2021-லிருந்து இணைத்திருக்கிறார்கள். எந்த வண்டி எந்த டோலைக் கடந்தது என்று வரி அதிகாரி உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்க்கலாம். நின்று காட்ட வேண்டியதில்லை, போய்க்கொண்டே காட்டலாம்!

"முன்னாடி எப்படிங்கண்ணா இருந்துச்சு?" என்று கேட்டேன்.

"அதையேன் கண்ணு கேக்கறீங்க. ஒருக்கா பார்டர்ல தக்காளி லோடோட ரெண்டு ராத்திரி நின்னனுங்க. எனக்கு முன்னாடி கண்ணுக்கு எட்டுன வரைக்கும் லாரிதான். ரோட்டோரத்துல ஸ்டவ்வைப் பத்த வச்சு சோறாக்கித் தின்னோம். ரெண்டாம் நாள் தார்ப்பாய்க்கு அடியில இருந்து தண்ணி ஒழுக ஆரம்பிச்சுருச்சுங்க."

301 இருந்தும் இது எப்படி நடந்தது? அடுத்தடுத்த பிரிவுகளில் இருக்கிறது விடை. பொதுநலனுக்காகப் பாராளுமன்றம் கட்டுப்பாடு விதிக்கலாம் என்கிறது 302. வெளி மாநிலச் சரக்குக்கு மாநிலங்கள் வரி போடலாம், ஆனால் உள்ளூர்ச் சரக்கைவிடக் கூடுதலாகப் போடக் கூடாது என்கிறது 304. இன்றைய சாசனத்தில் 306-ஐத் தேடினால் இருக்காது! சமஸ்தானங்களிலிருந்து உருவான சில மாநிலங்கள் தங்கள் பழைய எல்லை வரியைச் சில காலம் தொடர இடம் கொடுத்த பிரிவு அது. 1956-ல் நீக்கிவிட்டார்கள்.

மிச்சச் சுதந்திரத்தை வியாபாரிகள் கோர்ட்டில் சண்டை போட்டு வாங்கினார்கள். அசாம் வழியே கல்கத்தாவுக்குப் போன தேயிலைக்கு அந்த மாநிலம் வழிவரி போட்டபோது, அது சரக்கின் ஓட்டத்தையே தடுக்கிறது என்று 1960-ல் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. நம் மெட்ராஸ் மாநிலமும் ஒருமுறை மாட்டியது. பதனிட்ட தோலுக்கு வரி விகிதம் எல்லோருக்கும் ஒன்றுதான். ஆனால் இங்கே பதனிட்ட தோலுக்குப் பச்சைத் தோலின் விலையை வைத்துக் கணக்கு, வெளியிலிருந்து பதனிட்டு வந்ததற்குப் பதனிட்ட தோலின் விலையை வைத்துக் கணக்கு. விகிதம் சமம், கட்டும் பணம் சமமில்லை. 1962-ல் நீதிபதிகள் அந்த முடிச்சைப் பிடித்துவிட்டார்கள். 2016 நவம்பரில் ஒன்பது நீதிபதிகள் அமர்வு மொத்த வழக்கு வரலாற்றையும் அலசியது. வரி என்பதாலேயே அது தடை ஆகாது, பாரபட்சம் காட்டும் வரிதான் 304-ல் சிக்கும் என்றது பெரும்பான்மைத் தீர்ப்பு.

அடுத்த ஆண்டு, 2017 ஜூலை 1-ல் ஜிஎஸ்டி வந்தது. முதல் சில நாட்களிலேயே 22 மாநிலங்கள் வணிகவரிச் சோதனைச் சாவடிகளை எடுத்துவிட்டன.

விகிதத்தை முடிவு செய்யும் ஜிஎஸ்டி கவுன்சிலின் கணக்கைக் கேளுங்கள், அதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. ஓட்டெடுப்பில் மத்திய அரசுக்கு மூன்றில் ஒரு பங்கு பலம், மாநிலங்கள் அத்தனைக்கும் சேர்த்து மூன்றில் இரண்டு. ஜெயிக்க வேண்டுமானால் நான்கில் மூன்று பங்கு வேண்டும். டெல்லி தனியாக எதையும் நிறைவேற்ற முடியாது. எல்லா மாநிலமும் கைகோத்தாலும் டெல்லி இல்லாமல் முடியாது. யாரும் யாரையும் விட்டுவிட்டுப் போக முடியாதபடி போட்ட பூட்டு! அதனால் பேசிப் பேசியே முடித்தார்கள். 2019 டிசம்பரில், 38-வது கூட்டத்தில்தான் முதல் ஓட்டெடுப்பே நடந்தது. விஷயம், லாட்டரிச் சீட்டுக்கான வரி.

இரவு இரண்டரை. ஓசூரைத் தாண்டுகிறோம். அண்ணன் டேங்க்கைப் பற்றிச் சொல்கிறார்: "டீசல் மட்டும் இன்னும் அந்தந்த ஸ்டேட் வரிதானுங்க. எந்தப் பக்கம் வெலை கம்மியோ அந்தப் பக்கம் ரொப்பிக்குவோம்." பெட்ரோலும் டீசலும் ஜிஎஸ்டிக்குள் இன்னும் வரவில்லை. ஏற்றிய சரக்குக்கு நாடெங்கும் ஒரே வரிச் சட்டம், அதை இழுக்கும் எண்ணெய்க்கு ஊருக்கொரு வரி. இந்த ஒரு வாசலும் திறந்துவிட்டால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

பழைய எல்லைச் சோதனைச் சாவடி இருந்த ஜூஜூவாடி வருகிறது. நான் சீட்டின் நுனிக்கு வந்துவிட்டேன். அண்ணனின் இடது கால் தானாக கிளட்ச்சுக்குப் போகிறது, கை கியரைக் குறைக்கிறது. லாரி ஒரு நிமிடம் தயங்குகிறது. அப்புறம் அவரே சிரித்துவிட்டார். "பழக்கங்க. இருவது வருசம் இங்க நின்ன காலு." மறுபடி ஆக்சிலேட்டரை மிதிக்கிறார். கடைப் பலகைகளில் எழுத்து தமிழிலிருந்து கன்னடத்துக்கு மாறுகிறது. அது ஒன்றுதான் அடையாளம்.

வரி அதிகாரிகள் வழியில் எங்கே வேண்டுமானாலும் நிறுத்திப் பார்க்கலாம். பில் இல்லாத சரக்கைப் பிடித்தும் வைக்கலாம். அது இருக்கத்தான் வேண்டும், நேர்மையாக வரி கட்டுகிறவனுக்கு அதுதான் பாதுகாப்பு. ஆனால் சந்தேகப்பட்ட வண்டி நிற்பது வேறு, வந்த வண்டியெல்லாம் நிற்பது வேறு. 301-ன் சுதந்திரம் அந்த வித்தியாசத்தில்தான் உயிரோடு இருக்கிறது என்று எனக்கு அந்த இருட்டில் பட்டது.

விடிகாலை நாலரை. பெங்களூரு சிக்பேட்டை. பண்டல்கள் இறங்குகின்றன. "அந்த ஸ்டவ் இன்னும் வண்டியில இருக்குங்களாண்ணா?" என்று கேட்டேன்.

"வீட்டுல இறக்கி வச்சுட்டனுங்க," என்றார் அண்ணன், சட்டைப் பையிலிருந்து அந்தத் தாளை எடுத்து நீட்டியபடி. "இப்பெல்லாம் சோறு ஆறறதுக்குள்ள வீட்டுக்கே போயர்றனுங்க."