ஏறுற வண்டிக்கு மட்டும் இ-பாஸ்: ஃபயர்வால் பற்றி ஒரு குறிப்பு

சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கு வெளியூர் வண்டிகள் வர இ-பாஸ் வேண்டும். மலை ஏறுகிற வண்டியிடம்தான் அதைக் கேட்பார்கள்; இறங்குகிற வண்டியிடம் கேட்பதில்லை. விண்டோஸ் ஃபயர்வாலும் கிட்டத்தட்ட இப்படித்தான்.

நாம் கேட்காமல் வெளியிலிருந்து வரும் இணைப்பை அது தடுக்கும். 2004-ல் எக்ஸ்பி சர்வீஸ் பேக் 2 வந்ததிலிருந்து இது தானாகவே இயங்குது. ஆனால் கணினிக்குள் இருக்கும் மென்பொருள் வெளியே பேசினால் தடை இல்லை. விஸ்டாவிலிருந்து அதற்கும் விதி எழுதலாம். எழுதாதவரை எல்லாத்துக்கும் அனுமதிதான்.

உள்ளே வருவதைத் தடுத்தாச்சே, போதாதா? போதாது. தீநிரல் பெரும்பாலும் கதவை உடைத்து வருவதில்லை. மின்னஞ்சல் இணைப்பாகவோ பென் டிரைவிலோ நாமே கூட்டிட்டு வர்றோம். வந்தபின் அது திரட்டியதை வெளியே அனுப்பியாகணும். அங்கேதான் அதைப் பிடிக்க இன்னொரு வாய்ப்பு.

நம்ம ஊர் உதாரணம் கூடங்குளம். அணுமின் நிலையத்தின் நிர்வாக வேலைக்கான, இணையத்தோடு இணைந்த வலையமைப்பில் ஒரு கணினியில் தீநிரல் இருந்ததை 2019 அக்டோபர் 30 அன்று இந்திய அணுமின் கழகம் ஒப்புக்கொண்டது. நிலையத்தை இயக்கும் அமைப்புகள் தனி, பாதிப்பில்லை என்றும் சொன்னது. ஆய்வாளர்கள் சொன்ன பெயர் டிடிராக்: தட்டும் விசைகள், பிரவுசர் வரலாறு, கோப்புப் பட்டியல் எல்லாம் திரட்டும் ரகம்.

நம்ம வீட்டுக் கணினியில் என்ன செய்யலாம்? ஃபயர்வாலின் அட்வான்ஸ்டு செட்டிங்ஸில் அவுட்பவுண்ட் ரூல்ஸ் போய், நியூ ரூல், புரோகிராம், பிளாக் என்று தேர்ந்தெடுத்தால் அந்த மென்பொருள் மட்டும் வெளியே பேசாது. லினக்ஸில் ஓப்பன்ஸ்னிட்ச், மேக்கில் லிட்டில் ஸ்னிட்ச். புது மென்பொருள் இணையத்தைத் தொட்டதும் "விடலாமா?" என்று இவை கேட்கும். முதல் வாரம் கேள்வி கேட்டே உயிரை எடுக்கும், பிறகு அடங்கிடும். மலையில் போன் ஹாட்ஸ்பாட்டை வைத்து வேலை பார்க்கும் என்னைப் போன்றவர்களுக்கு டேட்டாவும் மிச்சம்.

ஒரு எல்லை உண்டு. அட்மின் உரிமையோடு இயங்கும் தீநிரல் விதியையே மாற்றிடும். அனுமதி பெற்ற பிரவுசருக்குள் ஒளிந்தும் போகும். அதனால தினசரி வேலைக்கு அட்மின் அல்லாத சாதாரணக் கணக்கையே வைத்துக்கொள்ளுங்க. முதல் விதியை அப்புறம் எழுதலாம்.