கேமராவில் சார்ஜ் ஏன் நிற்பதில்லை

டிஜிட்டல் கேமராவின் பேட்டரி, படம் எடுக்கும் நேரத்தைவிடப் படத்துக்காகக் காத்திருக்கும் நேரத்தில்தான் அதிகம் கரைகிறது. ஷட்டர் திறந்து மூடுவது பெரும்பாலும் நொடியின் சிறு பகுதிக்குள் முடிந்துவிடும். சென்சார், அதன் காட்சியைக் கணக்கிடும் சிப், பின்பக்கத் திரை ஆகியவை கேமரா விழித்திருக்கும்வரை மின்சாரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும்.

கேனான் கேமராக்கள் இரண்டை அருகருகே வைத்தால் இது தெளிவாகும். 2016இல் வந்த 5டி மார்க் 4, உள்ளே கண்ணாடி வைத்த கேமரா. லென்ஸ் வழியே வரும் ஒளியைக் கண்ணாடியும் பட்டகமும் திருப்பிக் கண்ணுக்குக் கொண்டுவருகின்றன. ஒளியைத் திருப்ப மின்சாரம் வேண்டியதில்லை. படம் எடுக்கும் கணத்தில் கண்ணாடி மேலே எழும்பும்போதுதான் சென்சாருக்கு வேலை. 2018இல் வந்த இஓஎஸ் ஆர் கேமராவில் அந்தக் கண்ணாடியே கிடையாது. சென்சார் ஓயாமல் காட்சியைப் படித்து, வியூஃபைண்டருக்குள் இருக்கும் குட்டித் திரைக்கு அனுப்புகிறது. இரண்டுக்கும் எல்பி-இ6என் என்ற ஒரே பேட்டரிதான்: 7.2 வோல்ட், 1865 மில்லியாம்பியர்-மணி. முன்னதில் சுமார் 900 படங்கள், பின்னதில் சுமார் 370 என்பது நிறுவனம் தரும் கணக்கு.

இந்த எண்ணிக்கை எப்படி வருகிறது என்பதும் தெரிய வேண்டும். ஜப்பானின் கேமரா உற்பத்தியாளர் சங்கமான சிபா வகுத்த சோதனை முறையில் 30 நொடிக்கு ஒரு படம் எடுக்கப்படுகிறது. கேமராவிலேயே ஃபிளாஷ் இருந்தால் பாதிப் படங்களுக்கு அதுவும் அடிக்கும். 370 படம் என்றால், கிட்டத்தட்ட மூன்று மணி நேரம் கேமரா விழித்திருக்கிறது என்று பொருள். பறவை சிறகடிக்கும்போது தொடர்ச்சியாகப் படம் எடுத்துத் தள்ளுபவருக்கு அதே பேட்டரியில் ஆயிரத்துக்கு மேலும் கிடைக்கலாம். திரையைப் பார்த்துக்கொண்டே பறவைக்காகக் காத்திருப்பவருக்கு நூறுகூடத் தேறாமல் போகலாம்.

ஆகவே முதலில் மாற்ற வேண்டியது, தானாக அணையும் நேரம். அதை 30 நொடிக்கோ ஒரு நிமிடத்துக்கோ குறைத்து வைக்கலாம்; ஷட்டர் பொத்தானைப் பாதி அழுத்தினாலே கேமரா மீண்டும் விழித்துக்கொள்ளும். மற்ற எல்லா மாற்றங்களையும்விட இது ஒன்றே பெரிய பலன் தரக்கூடியது. அடுத்து, பொத்தானைத் தொடாதபோதும் ஃபோகஸைத் தேடிக்கொண்டிருக்கும் வசதியை நிறுத்தலாம். திரை வெளிச்சத்தைக் குறைப்பது, எடுத்த படம் ஒவ்வொன்றும் தானாகத் திரையில் வருவதைத் தடுப்பது ஆகியவற்றாலும் ஓரளவு மிச்சமாகும்.

சுவிட்சை அணைத்த பிறகும் தொடரும் செலவு ஒன்று உண்டு. 5டி மார்க் 4இல் ஜிபிஎஸ்ஸின் முதல் முறையைத் தேர்ந்தெடுத்திருந்தால், கேமரா அணைந்திருந்தாலும் அது இடத்தைக் குறித்துக்கொண்டே இருக்கும். சில கேமராக்களில் புளூடூத்தும் இப்படித்தான். இரவு முழு சார்ஜோடு பையில் வைத்த பேட்டரி காலையில் குறைந்திருந்தால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுவே. ஏரோப்ளேன் மோடைப் போட்டுவிட்டால் வைஃபையும் புளூடூத்தும் அடங்கும்.

கண்ணாடி இல்லாத கேமராக்கள் மின்சாரத்தை அதிகம் இழுப்பதை உணர்ந்தே தயாரிப்பாளர்களும் பேட்டரியைப் பெரிதாக்கினார்கள். சோனியின் ஏ7 மார்க் 2இல் இருந்தது 1020 மில்லியாம்பியர்-மணி. 2018இல் வந்த ஏ7 மார்க் 3இல் அது 2280 ஆனது. திரையைப் பார்த்து எடுக்கும் படங்களின் எண்ணிக்கையும் 350இலிருந்து 710ஆக உயர்ந்தது.

குளிரில் வேறொரு சிக்கல். லித்தியம் அயனி பேட்டரிக்குள் அயனிகள் நீந்திச் செல்லும் திரவம் குளிரில் கெட்டிப்படும். உள்ளே மின்தடை கூடும். வோல்டேஜ் சரிந்ததும், தீர்ந்துவிட்டது என்று கணக்கிட்டு கேமரா அணைந்துவிடும். சார்ஜ் உள்ளேயேதான் இருக்கிறது. பேட்டரியைக் கழற்றிச் சட்டையின் உள்பையில் உடம்புச் சூட்டில் சிறிது நேரம் வைத்திருந்தால் பெரும்பகுதி திரும்பி வரும்.

வெயில் இதைவிடக் கொடியது. அது தரும் சேதம் திரும்பாது. வெயிலில் நிறுத்திய காருக்குள் முழு சார்ஜோடு கிடக்கும் பேட்டரி வேகமாக முதுமையடைகிறது. பல மாதம் பயன்படுத்தாமல் வைப்பதென்றால் பாதியளவு சார்ஜோடு குளுமையான இடத்தில் வைப்பது நல்லது. சார்ஜ் அளவுக்கு மீறினால் தடுக்கும் பாதுகாப்புச் சுற்று, விலை மலிவான போலிகளில் இருக்கும் என்று நம்ப முடியாது. அவை உப்பி, கேமராவுக்குள்ளேயே சிக்கிக்கொள்வதும் உண்டு.

இத்தனைக்குப் பிறகும், நாள் முழுக்க வேலை என்றால் மாற்று பேட்டரி கையில் வேண்டும். யுஎஸ்பி-சி வழியே மின்சாரம் ஏற்கும் புதிய கேமராக்களுக்குப் பவர் பேங்க் உதவும். எல்லாப் பவர் பேங்கும் ஒத்துப்போகாது என்பதால் முன்கூட்டியே சோதித்துக்கொள்ள வேண்டும். விமானப் பயணத்தில் மாற்று பேட்டரிகள் கைப்பையில்தான் செல்ல வேண்டும். சாவி, சில்லறைக் காசோடு போட்டால் முனைகள் உரசி ஷார்ட் ஆகும். எனவே மூடி அவசியம். எல்பி-இ6 வகைப் பேட்டரியின் மூடியில் பேட்டரி வடிவில் ஒரு துளை இருக்கிறது. ஒரு பக்கமாக மாட்டினால் அதன் வழியே நீல நிறம் தெரியும். திருப்பி மாட்டினால் மறையும். சார்ஜ் ஏற்றியதற்கு நீலம், தீர்ந்ததற்கு மறுபக்கம் என்று பழகிக்கொண்டால், முகூர்த்த நேரத்துப் பரபரப்பிலும் எது நிறைந்தது என்று பையைக் கிளற வேண்டியிருக்காது.